காஞ்சிபுரம் குளத்துச் சேற்றை ஒரு ஜாடியில் போட்டால் என்ன ஆகும்? பியானோவை விட்டுச் சேற்றுக்கு வந்த வினோகிராட்ஸ்கியின் கதை

2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை, 48 நாள்கள் காஞ்சிபுரம் திணறியது நினைவிருக்கிறதா? வரதராஜப் பெருமாள் கோயிலின் அனந்த சரஸ் குளத்துக்குள் இருந்து அத்தி வரதர் வெளியே வந்த நாள்கள் அவை. 1979க்குப் பிறகு 40 ஆண்டுகள் கழித்து வந்தார். இனி அடுத்த தரிசனம் 2059ல்தான்.

குளத்தின் அடியில் இருக்கும் அத்தி வரதரைப் பற்றி ஊரே பேசியது. அதே மாதிரியான குளங்களின் அடியில் இருக்கும் சேற்றைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கறுப்பாக, வழவழவென்று, காலை வைத்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கிற அந்தச் சேறு. பார்த்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்துவிடுவோம்.

நகராமல் அதன் முன்னால் உட்கார்ந்த ஒரு மனிதர் இருந்தார். பணக்காரக் குடும்பம், பியானோ பயிற்சி, சொந்த எஸ்டேட் என எல்லாம் இருந்தும், ஒரு கண்ணாடி ஜாடியில் சேற்றைப் போட்டுப் பல வாரங்கள் பார்த்துக்கொண்டிருந்தவர். பெயர் செர்கேய் வினோகிராட்ஸ்கி. சூரிய ஒளி இல்லாமலும் உயிர்கள் தங்கள் உணவைத் தாங்களே தயாரிக்கும் என்று உலகுக்குக் காட்டியவர்.

ஸ்கூல் பயாலஜி புத்தகத்தில் ‘நைட்ரஜன் சுழற்சி’ படம் வரைந்து மார்க் வாங்கியிருக்கிறீர்களா? அதில் பாதி அம்புக்குறிகள் இவர் போட்டவை.

யார் இந்த வினோகிராட்ஸ்கி?

1856 செப்டம்பரில் கீவ் நகரில் பிறந்தார். இன்றைய உக்ரைனின் தலைநகர்; அப்போது ரஷ்யப் பேரரசின் ஒரு பகுதி. வசதியான வீடு, நல்ல பள்ளி. ஆனால் பள்ளிப் படிப்பு அவருக்குப் பிடிக்கவே இல்லை.

கல்லூரியில் முதலில் சட்டம் சேர்ந்தார். ஒட்டவில்லை. அறிவியலுக்கு மாறினார். அதுவும் ஒட்டவில்லை. 1875ல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு செயின்ட் பீட்டர்ஸ்பர்க் இசைக் கல்லூரிக்குப் போய்விட்டார். அங்கே அவருக்குப் பியானோ கற்றுக்கொடுத்தவர் தியோடர் லெஷெடிட்ஸ்கி, அன்றைய ஐரோப்பாவின் டாப் பியானோ ஆசிரியர்களில் ஒருவர்.

அதிலும் மனம் நிற்கவில்லை. 1877ல் மறுபடியும் அறிவியல். இந்த முறை செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகம், வேதியியலும் தாவரவியலும். 1881ல் பட்டம் வாங்கும்போது அவருக்கு 25 வயது நெருங்கிக்கொண்டிருந்தது. கோர்ஸ் மாறி மாறி, 25 வயதிலும் செட்டில் ஆகவில்லையே என்று கவலைப்படுகிறவர்களுக்கு இவர் நல்ல துணை.

கோக் சொன்ன வழி, இவர் போன வழி

1880களில் நுண்ணுயிரியல்தான் உலகின் ஹாட்டான துறை. பிரான்ஸில் லூயி பாஸ்டர், ஜெர்மனியில் ராபர்ட் கோக். பாஸ்டரின் ஆரம்பகாலப் பெரிய வேலைகளில் ஒன்று பட்டுப்புழு நோய். 1865 முதல் சில ஆண்டுகள் அதற்காகவே செலவிட்டு, பிரான்ஸின் பட்டுத் தொழிலுக்கு வழிகாட்டினார். பட்டை நம்பி வாழும் ஊர்க்காரர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று விளக்க வேண்டியதில்லை.

அந்தக் காலத்து ஆய்வாளர்களுக்கு ஒரே இலக்கு: நோய்க்கிருமி. கோக்கின் முறை தெளிவானது. ஒரு கிருமியை மற்றவற்றிலிருந்து பிரித்து, சத்தான ஜெலட்டின் மீது தனியாக வளர்த்து, அதன் குணத்தைப் படிக்க வேண்டும். நோயைப் பிடிக்க அருமையான வழி.

ஆனால் குளத்திலும் வயலிலும் இருக்கும் கிருமிகள் தனியாக வாழ்வதில்லை. சத்தான சாப்பாடும் அவற்றுக்குக் கிடைப்பதில்லை. அவை உண்மையில் எப்படிப் பிழைக்கின்றன? வினோகிராட்ஸ்கி எடுத்துக்கொண்டது இந்தக் கேள்வியை.

1885ல் ஸ்ட்ராஸ்பர்க் போனார். அன்டன் டி பேரி என்ற தாவரவியல் மேதையின் லேபில் இடம் கிடைத்தது. அங்கே அவர் கையில் சிக்கியது ‘பெக்கியடோவா’.

கந்தகம் தின்னும் வெள்ளை நூல்

பெக்கியடோவா என்பது கந்தக ஊற்றுகளிலும் அழுகும் சேற்றின் மேலும் வெள்ளை நூல் நூலாகப் படரும் பாக்டீரியா. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் அதன் உடலுக்குள் மணி மணியாகக் கந்தகத் துகள்கள் தெரியும். நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை இதுதான் உண்டாக்குகிறது என்பது அன்றைய பெரிய பெயர்கள் பலரின் கணிப்பு.

வினோகிராட்ஸ்கி அதைச் சோதித்துப் பார்த்தார். ஒரு துளி நீரில் சில நூல்களை வைத்து, மைக்ரோஸ்கோப்புக்கு அடியிலேயே வளர்த்தார். பழைய நீரை எடுத்துவிட்டுப் புதிய நீர் விடுவார். திரும்பத் திரும்ப, நாள்கணக்கில் இதே வேலை.

ஹைட்ரஜன் சல்ஃபைடு இருக்கும் நீரை விட்டால் உடலுக்குள் கந்தக மணிகள் நிறைந்தன. அது இல்லாத நீரை விட்டால் மணிகள் கரைந்து காணாமல் போயின. அதற்குப் பிறகும் கொடுக்காவிட்டால் நூல்களே பட்டினியால் செத்தன.

அப்படியென்றால் கணிப்பு தலைகீழ். பெக்கியடோவா அந்த வாயுவை வெளியே விடவில்லை, உள்ளே எடுத்துக்கொள்கிறது. நமக்குச் சோறு எப்படியோ அதற்கு ஹைட்ரஜன் சல்ஃபைடு அப்படி. அதை ஆக்ஸிஜனோடு சேர்த்து ‘எரித்து’ ஆற்றல் பெறுகிறது. கந்தக மணிகள் அதன் சேமிப்புக் கணக்கு. 1887ல் இந்த முடிவு வெளியானது. உயிரற்ற ஒரு பொருளிலிருந்து நேராக ஆற்றல் எடுத்து ஓர் உயிர் வாழ முடியும் என்பது அதுவரை யாரும் நிறுவாத விஷயம்.

ஜாடிக்குள் ஒரு குளம்

இந்தப் பாக்டீரியாக்களை லேபில் எப்போதும் கைவசம் வைத்திருக்க ஒரு எளிய வழி கண்டுபிடித்தார். உயரமான கண்ணாடிப் பாத்திரத்தில் குளத்துச் சேறு, கொஞ்சம் செடித் துண்டு, கொஞ்சம் ஜிப்சம், மேலே நீர். அவ்வளவுதான். பிறகு காத்திருக்க வேண்டும்.

இன்று உலகம் முழுக்கப் பள்ளிகளில் செய்யப்படும் ‘வினோகிராட்ஸ்கி காலம்’ அதன் வழியில் வந்ததுதான். வெளிச்சம் படும் இடத்தில் சில வாரங்கள் வைத்தால் சேறு தானாகவே கலர் கலராகப் பிரிகிறது. அடியில் கறுப்பு. அதற்கு மேல் பச்சை. அதற்கு மேல் ஊதா. இன்னும் மேலே துருப்பிடித்த மாதிரி செம்பழுப்பு. உச்சியில் மறுபடியும் பச்சை, இது பாசி.

யாரும் சாயம் போடவில்லை. ஒவ்வொரு நிறமும் ஒரு பாக்டீரியா கூட்டம்.

அடியில் ஆக்ஸிஜன் இல்லை. அங்கே இருப்பவை மக்கும் செடியைத் தின்று, ஜிப்சத்தில் உள்ள சல்ஃபேட்டை ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாற்றி வெளியே விடுகின்றன. அந்த வாயு சேற்றில் இருக்கும் இரும்போடு சேர்வதால்தான் கறுப்பு நிறம். வாயு மேலே ஏறுகிறது. அதற்காகப் பச்சை, ஊதா கந்தக பாக்டீரியாக்கள் காத்திருக்கின்றன. அவற்றுக்கு வெளிச்சமும் வேண்டும், ஹைட்ரஜன் சல்ஃபைடும் வேண்டும். வெளிச்சம் மேலிருந்து வருகிறது, வாயு கீழிருந்து வருகிறது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் அவை குடியேறுகின்றன. அவை முடிக்கும்போது வாயு மறுபடியும் சல்ஃபேட்டாகிக் கீழே இறங்குகிறது. அடியில் இருப்பவற்றுக்கு அதுவே மூலப்பொருள்.

காஞ்சிப் பட்டில் உடலை ஒரு நிறத்திலும் பார்டரை வேறு நிறத்திலும் நெய்து, இரண்டையும் கோர்வையில் பிணைப்பார்கள். நிறம் தனித்தனி, புடவை ஒன்று. ஜாடிக்குள் நடப்பதும் ஏறக்குறைய அப்படித்தான். ஒரு அடுக்கின் கழிவு அடுத்த அடுக்கின் சாப்பாடு.

இதில் வினோகிராட்ஸ்கி ஒரு விஷயத்தைத் தவறவிட்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஊதா பாக்டீரியாக்களும் பெக்கியடோவா மாதிரியே வாழ்கின்றன என்று நினைத்தார். அவை வெளிச்சத்தைப் பயன்படுத்துகின்றன என்றார் ஜெர்மானிய ஆய்வாளர் எங்கெல்மன். இந்தச் சிக்கலை 1930களில்தான் வான் நீல் தீர்த்தார். அவை ஒளிச்சேர்க்கை செய்கின்றன. ஆனால் செடிகள் தண்ணீரைப் பயன்படுத்தும் இடத்தில் இவை ஹைட்ரஜன் சல்ஃபைடைப் பயன்படுத்துகின்றன.

வயலுக்குப் போடும் யூரியா என்ன ஆகிறது?

1888ல் டி பேரி இறந்துவிட, வினோகிராட்ஸ்கி சூரிச் போனார். அடுத்த இலக்கு நைட்ரஜன். மண்ணில் அம்மோனியா எப்படியோ நைட்ரேட்டாக மாறுகிறது, அதை உயிரினங்கள்தான் செய்கின்றன என்பது வரை தெரிந்திருந்தது. எந்த உயிரினம் என்று மட்டும் யாராலும் பிடிக்க முடியவில்லை.

காரணம் எளிது. எல்லாரும் கோக்கின் ஜெலட்டினில் தேடினார்கள். இந்தப் பாக்டீரியாவுக்கோ சத்தான சாப்பாடு ஆகாது. வினோகிராட்ஸ்கி ஜெலட்டினில் எது வளரவில்லை என்று பார்த்து அதைத் தேடினார். பிறகு மணலின் அடிப்படைப் பொருளான சிலிக்காவிலிருந்து ஒரு ஜெல் செய்து, அதன் மேல் வளர்த்தார். கார்பன் உணவு எதுவும் தராமலேயே அது வளர்ந்தது. காற்றிலும் கார்பனேட்டிலும் இருக்கும் கார்பனை எடுத்து, வெளிச்சமே இல்லாமல், தன் உடலைத் தானே கட்டிக்கொண்டது.

வேதிச்சேர்க்கை என்று இன்று பாடத்தில் படிப்பது இதைத்தான். அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்ற ஒரு கூட்டம், நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்ற இன்னொரு கூட்டம் என்பதையும் 1890ஐ ஒட்டிய இந்த ஆய்வுகளில் காட்டினார். இரண்டையும் ஒரே பாக்டீரியா செய்ய முடியும் என்று 2015ல் கண்டுபிடிக்கும் வரை, 120 ஆண்டுகளுக்கு மேல் அந்தப் பாடம் அப்படியே நின்றது.

காஞ்சிபுரம் மாவட்டத்து ஏரிப் பாசன வயலுக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. நீர் நிற்கும் நெல் வயலின் சேறும் ஒரு அடுக்கு ஜாடிதான். மேலே மெல்லிய ஒரு அடுக்கில் மட்டும் ஆக்ஸிஜன். அதற்குக் கீழே இல்லை. மேலே தூவிய யூரியா அம்மோனியாவாகி, மேல் அடுக்கில் நைட்ரேட்டாகிறது. அது கீழே இறங்கினால், அங்கிருக்கும் வேறு பாக்டீரியாக்கள் அதை நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றில் விட்டுவிடுகின்றன. போட்ட உரத்தில் ஒரு பங்கு பயிருக்குக் கிடைக்காமலேயே போகிறது. யூரியாவைப் பிரித்துப் பிரித்துப் போடுங்கள் என்று வேளாண் அதிகாரிகள் சொல்வதற்குப் பின்னால் இந்தக் கணக்கும் இருக்கிறது.

உச்சியில் இருந்தபோது ஒரு ஃபுல் ஸ்டாப்

1891ல் இரண்டு வாய்ப்புகள் வந்தன. பாரிஸின் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட் அழைத்தது. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் புதிதாகத் தொடங்கிய பரிசோதனை மருத்துவ நிறுவனமும் அழைத்தது. சொந்த நாட்டைத் தேர்ந்தெடுத்தார். அங்கே, ஆக்ஸிஜன் இல்லாத இடத்தில் காற்றின் நைட்ரஜனைப் பிடித்துத் தரும் ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். அதற்கு வைத்த பெயர் கிளாஸ்ட்ரிடியம் பாஸ்டுரியானம். போகாமல் விட்ட இன்ஸ்டிட்யூட்டின் நாயகனுக்கு ஒரு மரியாதை.

1902ல் அந்த நிறுவனத்துக்கே இயக்குநர். அப்புறம் 1905ல், 50 வயது ஆவதற்கு முன்பே, உடல்நிலை காரணமாக விலகினார். பொடோலியா பகுதியில் இருந்த ஹொரொடோக் எஸ்டேட்டுக்குப் போய் விவசாயத்தைக் கவனித்தார். மைக்ரோஸ்கோப்பைத் தொடாமல் 15 ஆண்டுகளுக்கு மேல் ஓடின. அவர் கதை அதோடு முடிந்தது என்றே உலகம் நினைத்திருக்கும்.

1917ல் புரட்சி வந்தது. தொடர்ந்து உள்நாட்டுப் போர். எஸ்டேட் போனது, சொத்து போனது, ஊரும் போனது. 60 வயதைத் தாண்டிய மனிதர் ஒடெசா துறைமுகம் வழியாகக் கப்பலேறித் தப்பினார். கொஞ்ச காலம் பெல்கிரேடில் பாடம் நடத்தினார்.

கப்பலுக்குக் கீழே இருந்த பிரம்மாண்ட ஜாடி

ஒடெசாவிலிருந்து கப்பலேறினால் கடக்க வேண்டியது கருங்கடல். அவர் ஜாடியில் பார்த்த அடுக்குகளின் உலகளவிலான பெரிய வடிவம் அந்தக் கடலேதான்.

பெரும்பாலான ஏரிகளில் ஆண்டுக்கு ஒரு முறையாவது மேல் நீரும் கீழ் நீரும் கலக்கும். குளிரோ காற்றோ கலக்கிவிடும். ஆழம் குறைந்த நம் ஊர்க் குளங்களில் ராத்திரிக் குளிர்ச்சியே போதும். ஆனால் சில நீர்நிலைகளில் மட்டும் அடி நீர் உப்பாகவும் கனமாகவும் இருப்பதால் மேலே வரவே முடியாது. ஆற்றாமல் வைத்த ஃபில்டர் காபி மாதிரி. சர்க்கரை அடியிலேயே கிடக்கும், மேலே குடித்தால் கசக்கும். அப்படி யாரும் ஆற்றாமலே நூற்றாண்டுகளாகக் கிடக்கும் நீர்நிலைகள் ‘நிரந்தர அடுக்கு ஏரிகள்’ எனப்படுகின்றன.

கருங்கடலில் மேலே ஆறுகள் கொண்டுவரும் லேசான நீர். கீழே மத்தியதரைக் கடலிலிருந்து வரும் கனத்த உப்பு நீர். ஏறக்குறைய 150 முதல் 200 மீட்டருக்குக் கீழே ஆக்ஸிஜனே இல்லை. அதிகபட்ச ஆழமோ 2,200 மீட்டர். அதாவது அந்தக் கடலின் சுமார் 90 சதவீத நீர் ஹைட்ரஜன் சல்ஃபைடு நிறைந்த இருட்டு. மரத்தை அரிக்கும் உயிர்கள் அங்கே வாழ முடியாது. அதனால்தான் சுமார் 2,400 ஆண்டுகள் பழைய கிரேக்க மரக்கப்பல் ஒன்று பாய்மரத்தோடு அப்படியே கிடப்பதை 2018ல் அறிவித்தார்கள்.

சுவிட்சர்லாந்தின் கடாக்னோ ஏரி இதன் குட்டி வடிவம். ஆழம் வெறும் 21 மீட்டர். அடியில் ஊறும் உப்பு நீர் மேலே கலப்பதில்லை. பாதி ஆழத்தில், வெளிச்சமும் சல்ஃபைடும் சந்திக்கும் இடத்தில், ஊதா பாக்டீரியாக்கள் கூட்டமாகக் குவிந்து நீரையே இளஞ்சிவப்பாக்குகின்றன. பாட்டிலை அந்த ஆழத்துக்கு இறக்கி எடுத்தால் ரோஸ் கலர் தண்ணீர் வரும். பூமியில் ஆக்ஸிஜன் குறைவாக இருந்த ஆதிகாலக் கடல்கள் எப்படி இருந்திருக்கும் என்று அறிய ஆய்வாளர்கள் இன்று அங்கே போகிறார்கள்.

66 வயதில் இரண்டாவது இன்னிங்ஸ்

1922ல் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட் மீண்டும் அழைத்தது. 31 ஆண்டுகளுக்கு முன்பு மறுத்த அதே இடம். இந்த முறை அவர் மறுக்கவில்லை. பாரிஸுக்கு அருகே பிரி-கோம்ட்-ரோபேர் என்ற சிற்றூரில் ஒரு லேப் தந்தார்கள்.

வழக்கமாக ரிட்டயர் ஆகும் வயதைத் தாண்டி அங்கே வேலையைத் தொடங்கினார். மண்ணை லேபுக்குக் கொண்டுவந்து சத்தூட்டி வளர்ப்பதை விட்டுவிட்டு, மண்ணில் இருக்கும் நிலையிலேயே கிருமிகளைப் படிக்கும் முறைகளை உருவாக்கினார். இன்று ‘நுண்ணுயிர்ச் சூழலியல்’ என்று தனித் துறையாக இருப்பதன் அடித்தளம் அது. 1935ல் நுண்ணுயிரியலின் உயரிய விருதான லீவன்ஹூக் பதக்கம் கிடைத்தது. 1949ல், 93 வயதை நெருங்கும்போது, 50 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பெரிய புத்தகம் வெளியிட்டார். 1953 பிப்ரவரியில், 96 வயதில், அதே ஊரில் இறந்தார்.

அவர் இறந்து 24 ஆண்டுகள் கழித்து, 1977ல், பசிபிக் கடலின் அடியில் வெந்நீர் ஊற்றுகளைச் சுற்றிப் பெரிய புழுக்களும் சிப்பிகளும் கூட்டமாக வாழ்வது தெரியவந்தது. சூரிய ஒளியே போகாத ஆழம். அந்த வாழ்க்கைக்கு ஆதாரம் எது என்று தேடியபோது பதில் பழையதாக இருந்தது: ஹைட்ரஜன் சல்ஃபைடில் பிழைக்கும் பாக்டீரியா. ஸ்ட்ராஸ்பர்கில் ஒரு துளி நீரில் பார்த்தது, கடலடியில் ஒரு முழு உலகமாக நின்றது.

சரி, நம் ஊர்க் குளத்துக்கு இதில் என்ன?

தமிழ்நாட்டுக் கோயில் குளங்களும் அறிவியலுக்குப் புதிதல்ல. நிரந்தரமாகப் பச்சைப் பாசி படர்ந்திருந்த ஒரு கோயில் குளத்தைப் பற்றி எஸ்.வி.கணபதி 1940லேயே ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்கிறார்.

காஞ்சியின் குளங்கள் கடாக்னோ மாதிரி நிரந்தர அடுக்கு கொண்டவை அல்ல. ஆழம் குறைவு, கோடையில் வற்றுவதும் உண்டு. ஆனால் சேற்றுக்குள் நடக்கும் வேலை அதேதான். அடியில் கொஞ்சம் கறுப்புச் சேறு இருப்பது இயல்பு. அது குளத்தின் செரிமான மண்டலம்.

பிரச்சினை தொடங்குவது வரவு அதிகமாகும்போது. கழிவுநீரும் குப்பையும் தொடர்ந்து வந்தால் மேலே இருக்கும் பாக்டீரியாக்கள் அதை மக்கவைக்கும் வேலையிலேயே ஆக்ஸிஜனைத் தீர்த்துவிடுகின்றன. அடியில் இருந்த கறுப்பு அடுக்கின் ஆட்சி மெல்ல மேலே ஏறுகிறது. ஹைட்ரஜன் சல்ஃபைடை வாங்கிச் சல்ஃபேட்டாக்கித் திருப்பித் தர வேண்டிய மேல் அடுக்குகள் வேலை செய்ய முடியாமல் போகின்றன. சுழற்சி ஒரு பக்கம் அடைத்துக்கொள்கிறது. நாற்றம் தெருவுக்கு வருகிறது. ஒரு மழை இரவில் அடி நீர் சட்டென மேலே கலந்தால், காலையில் மீன்கள் செத்து மிதக்கும்.

வேகவதி ஆற்றுப் பக்கம் நடந்து போகிறவர்களுக்கு அந்த நாற்றம் தெரியும். அதைச் சேற்றின் குற்றம் என்று நினைத்துத் தூர்வாரினால் மட்டும் தீராது. தூர்வாருவது தேவைதான். ஆனால் கழிவுநீர் வரும் வழி திறந்தே இருந்தால் புதுச் சேறும் கறுப்பாகும். நாற்றம், எவ்வளவு கழிவு வந்தது என்று குளம் காட்டும் மீட்டர் ரீடிங்.

நீங்களே செய்து பார்க்கலாம்

வீட்டில் குழந்தைகள் இருந்தால் இந்த லீவில் முயலலாம்.

* உயரமான கண்ணாடி ஜாடி அல்லது தெளிவான பிளாஸ்டிக் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள்.
* குளத்து ஓரச் சேற்றில் கல், வேர் நீக்குங்கள்.
* அதில் கிழித்த நியூஸ்பேப்பர், ஒரு முட்டையின் மஞ்சள் கரு, பொடித்த முட்டை ஓடு கலந்து, முக்கால் பாகம் வரை நிரப்புங்கள்.
* மேலே சில சென்டிமீட்டர் குளத்து நீர் விடுங்கள். மூடியை இறுக்க வேண்டாம், வாயு வெளியேற வழி வேண்டும்.
* வெளிச்சம் வரும் ஜன்னலோரம், காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். நேரடி உச்சி வெயில் வேண்டாம்.
* கையுறை போடுங்கள், பிறகு சோப்பால் கை கழுவுங்கள். ஜாடியை முகர்ந்து பார்க்க வேண்டாம்.

முதல் வாரங்களில் வெறும் சேறுதான் தெரியும். பிறகு அடி கறுக்கும். நான்கிலிருந்து எட்டு வாரத்துக்குள் பச்சையும் ஊதாவும் தலைகாட்டத் தொடங்கும். இடையில் கலக்கிவிடக் கூடாது, அது மட்டும்தான் கண்டிஷன்.

சட்டத்திலும் பியானோவிலும் நிலைக்காத ஒரு இளைஞரை வாழ்நாள் முழுக்கக் கட்டிப்போட்டது இந்த ஜாடிதான். அடுத்த முறை சர்வ தீர்த்தக் குளத்துப் படிக்கட்டில் உட்காரும்போது, கீழே நடக்கும் வேலையையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.